லைவ் மட்டும் ஏன் சுற்றுகிறது? – ஸ்மார்ட் டிவி கேள்வி-பதில்

சினிமா, தொடர் எல்லாம் 4கே-யில் தடையில்லாமல் ஓடுகிறது. மேட்ச் போட்டால் மட்டும் அடிக்கடி நின்று வட்டம் சுற்றுகிறது. எங்கள் இணைப்பு 100 எம்பிபிஎஸ். இன்னும் பெரிய பிளானுக்கு மாற வேண்டுமா?

வேண்டாம். எச்டி தரத்தில் ஒரு நேரலைக்குப் பொதுவாக 5 முதல் 8 எம்பிபிஎஸ் போதும். உங்களிடம் குறைவது வேகம் அல்ல, சீர்.

சினிமா ஓடும்போது ஆப் அடுத்து வரும் காட்சிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் இருபது விநாடி வைஃபை தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. மேட்ச்சில் அது நடக்காது. அடுத்த ஓவர் இன்னும் வீசப்படவே இல்லையே, எதை இறக்கி வைப்பது? நேரலையைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டித்தான் அனுப்புகிறார்கள். ஒரு துண்டு 6 விநாடி இருக்கட்டும் என்பது ஆப்பிளின் பரிந்துரை. பிளேயர் இப்படி மூன்று துண்டுகளைக் கையிருப்பில் வைத்திருந்தால் மொத்தம் 18 விநாடி. வைஃபை அதைவிட அதிக நேரம் தடுமாறினால் வட்டம்தான்.

முதல் வேலை, ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒரு லேன் கேபிள். பல டிவிகளில் அந்த போர்ட் 100 எம்பிபிஎஸ் வரைதான் போகும். அதனால் ஸ்பீட் டெஸ்டில் வைஃபையைவிடக் குறைவாகக் காட்டலாம். பயப்பட வேண்டாம், நேரலைக்கு அது தாராளம்.

கேபிள் இழுக்க வழியில்லையா? ரவுட்டர் அதே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். நடுவில் இரண்டு சுவர் இருந்தால் 2.4-தான் எட்டும். ஆனால் அங்கே நெரிசல் அதிகம். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத வைஃபை சேனல்கள் (ரவுட்டர் பயன்படுத்தும் பாதைகள்) 1, 6, 11 என்று மூன்றே. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. இடைவேளையில் யாரோ எதையோ சூடுபண்ணப் போக, இங்கே படம் நிற்பது இதனால்தான். அப்புறம், அழகுக்காக ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். டிவிக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் சிக்னலை மறைக்கும்.

கோளாறு எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், டிவியைப் பத்து நிமிடம் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். நன்றாக ஓடினால் சிக்கல் ரவுட்டரிலோ இணைப்பிலோ. அப்போதும் நின்றால் டிவியையோ ஆப்பையோ சந்தேகப்படலாம்.

ஸ்கோர் முதலில் போனில் வந்துவிடுகிறது. டிவியில் அரை நிமிடம் கழித்துத்தான் விக்கெட் விழுகிறது. சரிசெய்ய முடியுமா?

இது கோளாறே இல்லை. மேலே சொன்ன துண்டுகள் தயாராகி, சர்வருக்குப் போய், உங்கள் டிவியில் சேர்வதற்குள் அவ்வளவு நேரம் ஆகிவிடும். நடுவில் பாஸ் செய்திருந்தால் இன்னும் பின்தங்கியிருப்பீர்கள். திரையில் உள்ள ‘லைவ்’ பட்டனை அழுத்தினால் அந்த இடைவெளி போகும். சில ஆப்களில் தாமதத்தைக் குறைக்கும் வசதி உண்டு. ஆனால் அது கையிருப்பைக் குறைத்துத்தான் அதைச் செய்கிறது, எனவே வட்டம் கூடுதலாகச் சுற்றலாம். என்னைக் கேட்டால், போனில் நோட்டிஃபிகேஷனை அணைப்பது நல்லது.

பழைய ஸ்மார்ட் டிவி. வைஃபை இணைந்திருக்கிறது, போனில் நெட் வருகிறது. ஆனால் டிவியில் எந்த ஆப்பைத் திறந்தாலும் ‘சர்வருடன் இணைக்க முடியவில்லை’ என்கிறது.

டிவியின் தேதியைப் பாருங்கள். மின்தடைக்குப் பிறகு கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்பது உண்டு. ஆப் பேசும் சர்வர் ஒவ்வொன்றும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழைக் காட்டும். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். டிவி தன் கடிகாரத்தை வைத்து ‘இது செல்லாது’ என்று முடிவு செய்து கதவை மூடிவிடும். தேதி, நேரத்தை ‘தானியங்கி’ என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தேதி சரியாகவே இருந்தால், டிவிக்குள் இருக்கும் மூலச் சான்றிதழ் (சர்வர் காட்டும் சான்றிதழ் உண்மையா என்று சரிபார்க்க டிவி நம்பியிருப்பது) காலாவதியாகி இருக்கலாம். 2020 மே 30-இல் ஒன்றும் 2021 செப்டம்பர் 30-இல் இன்னொன்றும் அப்படிக் காலாவதியானபோது, அப்டேட் நின்றுபோன சாதனங்கள் பல திண்டாடின. செட்டிங்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருக்கிறதா பாருங்கள். வராவிட்டால் டிவியை மாற்றாதீர்கள். எச்டிஎம்ஐ-யில் ஒரு ஸ்டிரீமிங் ஸ்டிக் (ஆப்களைத் தானே ஓட்டும் சின்னக் கருவி) செருகினால் போதும்.

ஸ்டிக்தான் வைத்திருக்கிறேன். பாதி நிகழ்ச்சியில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது.

டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்து மின்சாரம் கொடுக்கிறீர்களா? யுஎஸ்பி 2.0 போர்ட்டின் அளவு 500 மில்லிஆம்பியர்தான், பல ஸ்டிக்குகளுக்குப் போதாது. பெட்டியில் வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகுங்கள்.

செய்தி வாசிப்பவரின் வாயும் சத்தமும் ஒட்டவில்லை. சவுண்ட்பார் வாங்கிய பிறகுதான் இப்படி.

முதலில் சத்தம் முந்துகிறதா, பிந்துகிறதா என்று தெரிய வேண்டும். ‘ப’, ‘ம’ வரும் இடத்தில் உதடு மூடுவதைக் கவனியுங்கள், பிடிபட்டுவிடும். பிந்தினால், அனேகமாக ப்ளூடூத்தில் இணைத்திருப்பீர்கள். எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாறுங்கள், அதை டிவியில் ‘ஏஆர்சி’ என்று எழுதிய போர்ட்டில் செருகுங்கள்; டிவியின் சத்தத்தைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் போர்ட் அதுதான். முந்தினால், டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுக்கிறது என்று பொருள். சவுண்ட்பாரில் ‘ஆடியோ டிலே’யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரே ஒரு சேனலில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் எதையும் தொடாதீர்கள், அந்த சேனலை விட்டு வெளியே வந்து மறுபடி போங்கள்.

படம் தெளிவாக இருக்கிறது, வட்டமும் சுற்றவில்லை. ஆனால் கேமரா நகரும்போதும் கீழே செய்தி வரி ஓடும்போதும் வெட்டி வெட்டி இழுக்கிறது.

நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நேரலை விநாடிக்கு 50 ஃபிரேமில் வர, ஸ்டிக் அதை 60-ஆக அனுப்பினால், ஐந்து ஃபிரேமுக்கு ஒன்றை இரண்டு முறை காட்ட வேண்டியிருக்கும். அந்தத் தடுக்கல்தான் கண்ணில் படுகிறது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஃபிரேம் ரேட்டைப் பொருத்தும் தேர்வு இருந்தால் ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் மேட்ச் நேரத்தில் மட்டும் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

ரிமோட்டில் அணைத்துப் போட்டும் சரியாகவில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்துவிடட்டுமா?

ரிமோட்டில் அணைத்தால் பெரும்பாலான டிவிகள் தூங்கத்தான் போகும். பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். அப்புறம் அந்த ஆப்பின் கேஷை (அது தற்காலிகமாகச் சேர்த்து வைத்திருக்கும் தரவை) அழிக்கலாம், ஆப்பையே நீக்கி மறுபடி ஏற்றலாம். டிவியில் இடம் நிறைந்திருந்தாலும் ஆப் தடுமாறும், பார்க்காத ஆப்களைத் தூக்கிவிடுங்கள். மொபைல் டேட்டாவில் போனிலும் அதே நேரலை நின்றால், கோளாறு அவர்கள் சர்வரில். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இவ்வளவுக்கும் அசையாவிட்டால் ரீசெட். அதையும் ஆட்டம் முடிந்த பிறகு செய்யுங்கள், எல்லா ஆப்களின் பாஸ்வேர்டையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு.