மூன்று மணிக்கு மேல் கணக்கு தப்புகிறது!

டாக்டரம்மா பதில்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 38. காலையில் எத்தனை பில் வந்தாலும் தட்டிவிடுவேன். மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரே வரியை நாலு தடவை படிக்கிறேன். போன மாதம் 6,800ஐ 8,600 என்று ஏற்றிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். டீ குடித்தால் அரை மணி நேரம் தாங்குகிறது. வெறும் வயிற்றில் சுகர் 96தான். எனக்கு மனசில் ஏதாவது கோளாறா மேடம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: மனசை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் தட்டைப் பார்ப்போம். கடிதத்தின் பின்பக்கம் ஒரு நாள் சாப்பாட்டை எழுதி அனுப்பியதற்கு நன்றி. மதியம் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். சோறு மூன்று தடவை, காய் என்ற பெயரில் வந்ததும் மாவுச்சத்து! அதோடு நாலு டீ. டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சர்க்கரை மட்டும் 40 கிராம். நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 46 வயதில் நானும் இப்படித்தான் இருந்தேன். ஒருநாள் மூன்றரை மணி இருக்கும், ஒரு பாட்டியிடம் “ராத்திரி தூக்கம் வருதா?” என்று கேட்டேன். அவர் சொல்லி முடித்ததும் மறுபடி அதையே கேட்டேன். “இப்பத்தானே தாயி சொன்னேன். எனக்கு வரல, உனக்குத்தான் வருது போல” என்றார். வெளியே இருந்த நர்ஸ் சிரித்தது எனக்குக் கேட்டது. அடுத்த வாரமே ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் 98. ஆனால் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 172. அது 140க்குள் இருக்க வேண்டும். 140 முதல் 199 வரை சர்க்கரை நோயின் வாசற்படி.

வெறும் வயிற்று சுகர் என்பது கடை திறக்கும் முன் கல்லாவை எண்ணுவது மாதிரி. வியாபார நேரத்தில் நடக்கும் குளறுபடி அதில் தெரியாது. தசையும் கல்லீரலும் இன்சுலின் பேச்சைக் கேட்காமல் போகும்போது, கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைக் கொட்டிச் சமாளிக்கிறது. அதனால் காலை ரிப்போர்ட் வருஷக்கணக்கில் நல்ல பிள்ளையாகவே இருக்கும். சாப்பிட்ட பிறகு மட்டும் சர்க்கரை எகிறும், சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் சரசரவென்று இறங்கவும் செய்யும். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் சும்மா இருக்கும்போதே உடம்பின் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது. கையில் சேமிப்பு என்று அதற்குப் பெரிதாக எதுவும் கிடையாது. இந்த ஏற்ற இறக்கம் சிலருக்குக் கிறக்கமாக, எரிச்சலாக, எண்கள் இடம் மாறுவதாக வெளிப்படும். அப்போது நீங்கள் குடிக்கும் சர்க்கரை டீ அடுத்த ஏற்றத்தைத் தொடங்கிவைக்கிறது.

பழியை முழுக்கச் சோற்றின் மேல் போடவும் மாட்டேன். மதியம் இரண்டிலிருந்து நாலு மணிக்குள் சோர்வது உடம்புக் கடிகாரத்தின் பழக்கம், பட்டினி கிடந்தாலும் கொஞ்சம் வரும். அந்தச் சின்னச் சரிவைப் பெரும் பள்ளமாக்குவதுதான் நாம்.

இரண்டு மணி நேர குளுக்கோஸ் பரிசோதனையும், மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சியும் எடுங்கள். ஹெச்பிஏ1சி 5.7க்குக் கீழே இருந்தால் நிம்மதி. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம். குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். ‘ஆமா, நடுவில மூச்சு நின்னு நின்னு வருது’ என்று பதில் வந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். பகல் தூக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மதியம் முதலில் பொரியலையும் முட்டையையும் அல்லது சுண்டலையும் காலி செய்யுங்கள். அப்புறம் சோறு, ஒரே தடவை. ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், ருசி எங்கேயும் போகாது. எழுந்ததும் சேரில் சாயாமல் கம்பெனியைச் சுற்றிப் பத்து நிமிஷம் நடங்கள். வேலை செய்யும் கால் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நான் ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் நடந்தேன். முதல் வாரம் வாட்ச்மேன் வந்து, “ஏதாவது தொலைஞ்சிடுச்சா டாக்டர்?” என்று கேட்டார்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகன் காலையில் சாப்பிடாமல் குளுக்கோஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் பரீட்சைக்குப் போகிறான். மூளைக்குத் தெம்பு என்கிறான். சரியா?
- ஒரு தாய், தேனி

பதில்: மூளைக்கு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் தேவை என்பது உண்மைதான். அதை இட்லியிலிருந்தும் கல்லீரல் சேமிப்பிலிருந்தும் உடம்பே எடுத்துக் கொடுத்துவிடும். இரண்டு இட்லி, ஒரு முட்டை போதும். கோபித்துக்கொண்டால் முட்டையைக் கையில் கொடுத்து பஸ் ஸ்டாப் வரை கூடவே போங்கள்.