முதல் முறை கில்ட் அணிகிறீர்களா? தொப்புளிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: அபர்டீனில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். உடன் படிக்கும் ஸ்காட்லாந்து நண்பருக்கு அடுத்த மாதம் இன்வர்னஸில் திருமணம். பிற்பகல் இரண்டு மணிக்குச் சடங்கு, பிறகு விருந்து, இரவில் நடனம். என்னையும் கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கொசுவம் வைத்த பாவாடை போன்ற உடை, அணிந்து வரச் சொல்லியிருக்கிறார். வாடகைக்கு எடுக்கப் போகிறேன். கடையின் படிவத்தில் இடுப்பளவு கேட்கிறார்கள். என் பேண்ட் அளவு 34, அதையே எழுதலாமா? அந்த ஊர்க்காரன் அல்லாத நான் இதை அணிவது தவறாகப் படுமா? காலுறையில் கத்தி செருகிக்கொண்டு ரயிலில் போகலாமா? உள்ளே எதுவும் அணியக் கூடாது என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: 34 என்று எழுதிவிடாதீர்கள். ஹைலண்ட் எனப்படும் ஸ்காட்லாந்து மலைப்பகுதியின் மரபு உடைகளை வாடகைக்குத் தரும் கடையில் பல ஆண்டுகள் அளவெடுத்திருக்கிறேன். படிவத்தில் பேண்ட் அளவை எழுதிவிட்டுத் திருமணத்துக்கு முந்தைய நாள் பக்கிள் எட்டாமல் தவித்தவர்களை அங்கே நிறையப் பார்த்தேன். இன்றைய பேண்ட் இடுப்பெலும்பில் உட்காருகிறது. கில்டின் இடம் அதுவல்ல. அதன் மேல் விளிம்பு தொப்புளின் மட்டத்தில், அல்லது அதற்கு ஒரு கட்டைவிரல் அகலம் மேலே நிற்க வேண்டும். சட்டையைப் போட்டுக்கொண்டு, வயிற்றை உள்ளிழுக்காமல், அந்த இடத்தில் நாடாவைச் சுற்றுங்கள். 36 வரலாம், 37கூட வரலாம். அதுதான் உங்கள் அளவு. பிட்டத்தின் மிக அகலமான இடத்தையும், தொப்புளிலிருந்து முழங்கால் சில்லின் நடுப்பகுதி வரையுள்ள நீளத்தையும் வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து பார்த்தால் நாடா நகர்ந்துவிடும்.

இந்த உயரத்தை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. முதல் முறை அணிபவர்களிடம் நான் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே பிறந்தவை. பழக்கத்தால் கில்டைப் பேண்ட் போல இறக்கிக் கட்டுவார்கள். உடனே கீழ் விளிம்பு முழங்காலை மறைத்துவிடும். இந்த உடைக்கான வெயிஸ்ட்கோட், அதாவது கோட்டுக்குள் அணியும் கையில்லாச் சட்டை, குட்டையாகத் தைக்கப்பட்டது என்பதால், அதற்கும் கில்டுக்கும் நடுவே வெள்ளைச் சட்டை பட்டையாக எட்டிப்பார்க்கும். பின்புறக் கொசுவங்கள் இடுப்பின் வளைவில் பொருந்தாமல் பிளந்து நிற்கும். இரண்டு அங்குலம் ஏற்றிக் கட்டினால் மூன்றும் ஒரே நேரத்தில் சரியாகிவிடும். முழங்காலிட்டு நிமிர்ந்து பாருங்கள். விளிம்பு தரையை மெல்லத் தொட்டாலோ, ஓர் அங்குலம் மேலே நின்றாலோ நீளம் சரி.

அடுத்து உங்கள் தயக்கம். மணமகனே அழைத்திருக்கும்போது தயங்கவே வேண்டாம். இன்வர்னஸுக்குப் பக்கத்திலுள்ள கலோடன் திடலில் 1746 ஏப்ரலில் ஹைலண்ட் படை தோற்றபின், பிரிட்டன் அரசு அதே ஆண்டு சட்டம் இயற்றி இந்த உடையையே தடை செய்தது. படைவீரர் அல்லாத ஆண் ஒருவர் அணிந்து பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, இரண்டாம் முறை பிடிபட்டால் ஏழாண்டு நாடுகடத்தல். 1782 வரை அந்தத் தடை நீடித்தது. அப்படிப் பறிக்கப்பட்டு மீண்ட உடையை ஒரு விருந்தினர் அக்கறையோடு அணிந்து வருவது அங்குள்ளவர்களை மகிழ்விக்கும். வேடிக்கை வேடமாக அணிந்து வந்தால்தான் மனம் கோணுவார்கள்.

டார்ட்டன் எனும் கட்டம் போட்ட துணியில் எதைத் தேர்ந்தெடுப்பது என்றும் குழம்ப வேண்டாம். குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்ற ஏற்பாடு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் உறுதிப்பட்டது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் நடத்திய கோலாகலம் அதற்குப் பெரிய உந்துதல். இன்று அரசே ஒரு டார்ட்டன் பதிவேட்டை நடத்துகிறது. ஆனால் யார் எதை அணியலாம் என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. அரச குடும்பத்துக்கென வைத்திருக்கும் பால்மோரல் டார்ட்டனைத் தவிர்த்துவிடுங்கள். கரும்பச்சையும் நீலமும் கலந்த பிளாக் வாட்ச் எல்லோரும் அணிவது. உங்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். மணமகன் வீட்டார் அணியும் டார்ட்டன் எது என்று நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது.

அணியும் வரிசை முக்கியம். முதலில் சட்டை, அடுத்து காலுறை, ஷூ, அதன்பிறகுதான் கில்ட். கில்டைக் கட்டியபின் குனிந்து ஷூ நாடா முடிவது பெரும்பாடு. முழு அளவுக் கில்டில் எட்டு கெஜம் கம்பளித் துணி இருக்கிறது, அதாவது ஏழு மீட்டருக்கும் மேல். கொசுவம் முழுவதும் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் கொசுவமில்லாத இரண்டு அகலத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். உங்கள் வலக்கைப் பக்கத்துத் துண்டை முதலில் இடப்பக்கம் கொண்டுபோய், அதன் வாரை இடுப்புப் பட்டையிலுள்ள துளை வழியாக வெளியே இழுத்து இடப்புறப் பக்கிளில் மாட்டுங்கள். பிறகு இடக்கைப் பக்கத்துத் துண்டை அதன்மேல் போர்த்தி வலப்புறத்தில் மாட்டுங்கள். நூல் பிரிந்த ஓரம் உங்கள் வலத்தொடையில் நேராக இறங்கினால் சரி. வலப்புறத்தில், இடுப்புக்குக் கீழே இன்னொரு வார் இருந்தால் அதைத் தளர்வாகவே விடுங்கள், இறுக்கினால் முன்துண்டு வளைந்துகொள்ளும். முன்துண்டின் நடுக்கோடு தொப்புளுக்கு நேர் கீழே வருகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள்.

கில்ட் ஊசியை மேல் துண்டில் மட்டும், வலப்புறக் கீழ் மூலைக்கு அருகில் குத்துங்கள். இரண்டு துண்டுகளையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும். வாடகைத் துணியைக் கிழித்தால் செலவு உங்களுடையது. ஸ்போரன் என்ற முன்பக்கப் பை, வெயிஸ்ட்கோட்டின் கடைசிப் பொத்தானுக்கு நான்கு விரல் கீழே, நட்டநடுவில் தொங்க வேண்டும். கில்டில் சட்டைப்பை போல எதுவும் இல்லாததால் உங்கள் கைப்பேசியும் பணமும் அதற்குள்தான். அதிகம் திணிக்காதீர்கள், இழுத்துக் கீழே இறக்கிவிடும். வெயிஸ்ட்கோட் அணிந்தால் பெல்ட் வேண்டாம், பெட்டியில் வந்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

காலுறையின் மேல்மடிப்பு முழங்கால் சில்லுக்கு மூன்று விரல் கீழே நிற்கட்டும். அதைப் பிடித்து நிறுத்தும் பட்டையில் ஃபிளாஷ் எனப்படும் சிறு வண்ணத் துண்டுகள் தொங்கும். அவை காலின் வெளிப்புறத்தைப் பார்க்க வேண்டும், மடிப்புக்குக் கீழே ஓரிரு அங்குலம் தெரிந்தால் போதும். இந்த உடையோடு அணியும் கில்லி ப்ரோக் ஷூவுக்கு நாக்கு கிடையாது, நாடா மட்டும் மிக நீளம். நாடாவை இறுக்கி, இரு முனைகளையும் ஒன்றோடொன்று மூன்று நான்கு முறை முறுக்கி, கணுக்காலுக்குச் சற்று மேலே பின்னால் சுற்றி, முன்னால் கொண்டுவந்து முடிச்சிடுங்கள். கெண்டைக்கால் வரை ஏற்றிச் சுற்றுவது பரவலாக நடக்கும் தவறு. நடந்த பத்தாவது நிமிடத்தில் அது சரிந்து வந்து கணுக்காலில் குவியும்.

கத்தியின் பெயர் ஸ்கீயன் டூ. ஹைலண்ட் மக்களின் கேலிக் மொழியில் கருங்கத்தி என்று பொருள். வலக்கைக்காரர் வலது காலுறையில், பிடி மட்டும் வெளியே தெரிய வெளிப்புறமாகச் செருகுவார். பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்கும் 1995ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டமே, தேசிய உடையின் பகுதியாக அணிவதற்கு விலக்கும் தருகிறது. அதாவது, முழு உடையில் இருக்கும்போது உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு, ஜீன்ஸோடு கோட்டுப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தால் இல்லை. ரயிலில் சாதாரண உடையில் போவதானால் மற்றத் துணிகளோடு பெட்டியின் அடியில் கட்டி வையுங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது. வாடகைக் கடைகள் பல, உருவ முடியாத போலிக் கத்தியைத்தான் தருகின்றன. உங்களுக்கு அதுவே போதும்.

கோட்டில் இரண்டு வகை முக்கியம். பிரின்ஸ் சார்லி மாலை விருந்துக்கானது, அதற்கு மூன்று பொத்தான் வெயிஸ்ட்கோட்டும் போ டையும். ஆர்கைல் பகலுக்கும் பொருந்தும், நீள டையோடு அணியலாம். திருமணங்களில் காலை முதலே பிரின்ஸ் சார்லியில் வருபவர்கள் ஏராளம், அதை யாரும் குறை சொல்வதில்லை. இருந்தாலும் பிற்பகல் தொடங்கி இரவு வரை நீளும் உங்கள் நாளுக்கு ஆர்கைல்தான் என் தேர்வு.

உள்ளாடை பற்றி: அணியுங்கள். அணியாமல் இருப்பதுதான் மரபு என்ற பேச்சு உங்களைக் கட்டுப்படுத்தாது. அடுத்த வாரம் இன்னொருவர் அணியப்போகும் வாடகைக் கில்ட் அது. கடைக்காரர்களும் உள்ளாடை அணியும்படியே கேட்டுக்கொள்கிறார்கள். அடர்நிறத்தில் அணிவது நல்லது.

உட்காருவதை வீட்டிலேயே நான்கைந்து முறை பழகுங்கள். இரு புறங்கைகளாலும் பின்புறக் கொசுவங்களைத் தொடையோடு சேர்த்துத் தடவியபடியே அமர வேண்டும், இல்லாவிட்டால் எழும்போது பின்புறம் முழுக்கக் கசங்கியிருக்கும். முழங்கால்களைச் சேர்த்து வைத்து, ஸ்போரன் நடுவில் விழும்படி விடுங்கள். இரவு நடனத்துக்குக் கேய்லி என்று பெயர். ஸ்ட்ரிப் த வில்லோ ஆட்டத்தில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் சுழன்றுகொண்டே போவீர்கள். அதற்குமுன் ஸ்போரனை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிவிட்டு, ஷூ நாடாவை ஒருமுறை இறுக்கிக்கொண்டு, கத்தியைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். ஆட்டம் முடிந்ததும் கில்ட் ஊசி, இரண்டு ஃபிளாஷ், கத்தி ஆகிய நான்கையும் எண்ணிப் பாருங்கள். கடைக்குத் திரும்பும் பெட்டிகளில் பெரும்பாலும் காணாமல் போவது இவைதான்.