நான்கு சான்றிதழுக்கு 85,000 ரூபாய்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகள் பி.எஸ்ஸி. கணினி அறிவியல் முடித்து ஓராண்டு ஆகிறது. நாகர்கோவிலில் ஒரு பயிற்சி மையத்தில் 85,000 ரூபாய் கட்டினால் ஆறு மாதத்தில் சிசிஎன்ஏ, எம்சிஎஸ்இ, சிஐஎஸ்எஸ்பி, அமேசான் கிளவுட் ஆகிய நான்கு சான்றிதழ்கள் கிடைக்குமாம். தேர்ச்சிக்கு அவர்களே உத்தரவாதம், திருவனந்தபுரத்திலோ துபாயிலோ வேலை நிச்சயம் என்கிறார்கள். 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா? (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: வைக்காதீர்கள் அம்மா. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

அவர்கள் சொன்ன இரண்டாவது பெயரைப் பாருங்கள். எம்சிஎஸ்இ சான்றிதழை மைக்ரோசாப்ட் 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. இன்று யாரும் புதிதாக அதை வாங்க முடியாது. மூன்றாவதான சிஐஎஸ்எஸ்பி, கணினிப் பாதுகாப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கானது. நான்கைந்து ஆண்டு வேலை அனுபவம் காட்டாமல் முழுச் சான்றிதழ் கிடைக்காது. ஒன்று உயிரோடு இல்லை, இன்னொன்று உங்கள் மகளுக்கு இப்போது எட்டாது. இரண்டுக்கும் தேர்ச்சி உத்தரவாதம் கொடுக்கிறார்கள் என்றால், மீதி இரண்டைப் பற்றி அவர்கள் சொல்வதை எப்படி நம்புவது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்தச் சான்றிதழ்களை எந்தப் பயிற்சி மையமும் தருவதில்லை. சிசிஎன்ஏ என்பது கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் வேலைக்குச் சிஸ்கோ நிறுவனம் தருவது. தேர்வை நடத்துவது பியர்சன் வியூ என்ற தேர்வு நிறுவனம். பட்டம் தேவையில்லை, மையத்தின் சிபாரிசும் தேவையில்லை. உங்கள் மகளே இணையத்தில் பதிவு செய்து பணம் கட்டி எழுதலாம். 120 நிமிடத் தேர்வு, கட்டணம் 300 டாலர், வரி தனி. நம் காசில் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டும். அமெரிக்காவில் டாலரில் சம்பளம் வாங்குகிறவனுக்கும் 300, குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவருக்கும் 300. இது என்ன நியாயம் என்று கேட்க ஆளில்லை. தோற்றால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம். முழுப் பணமும் மறுபடி கட்ட வேண்டும்.

மையம் தருவது ‘பயிற்சியை முடித்தார்’ என்ற தாள் மட்டுமே. மூலையில் சிஸ்கோவின் சின்னத்தைப் பளபளவென்று அச்சடித்திருப்பார்கள். ஆள் எடுக்கிறவர்கள் அதைப் பார்த்து மயங்குவதில்லை. உண்மையான சான்றிதழை அதைத் தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே சரிபார்த்துவிடலாம்.

தேர்ச்சிக்கு உத்தரவாதம் என்ற பேச்சுக்கு இரண்டே அர்த்தம்தான். ஒன்று, திருடிய வினாக்களை மனப்பாடம் செய்ய வைப்பது. தொழிலில் இதற்கு ‘டம்ப்’ என்று பெயர். மற்றொன்று, வேறு ஆளை எழுத வைப்பது. இரண்டும் பிடிபட்டால் சான்றிதழ் ரத்து, மேற்கொண்டு எழுதவும் தடை. பிடிபடாவிட்டாலும் என்ன லாபம்? ஆள் எடுக்கும் மேசையில் பல ஆண்டு உட்கார்ந்தவன் நான். சிசிஎன்ஏவில் உயர்ந்த மதிப்பெண் வாங்கிய நம் மாவட்டத்துப் பையன் ஒருவன் வந்தான். ஓர் அலுவலக நெட்வொர்க்கை நான்காகப் பிரித்துக் காட்டு என்றேன். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். பேனாவைப் பிடித்தபடி தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், “சார், நாலு விடை கொடுத்து எது சரின்னு கேட்டா சொல்லிடுவேன்” என்றான். அவன் அப்பா எதை விற்றுப் பணம் கட்டினாரோ, நான் கேட்கவில்லை.

இன்னொரு தந்திரம்: “மகளின் பெயரில் தேர்வுப் பதிவுக் கணக்கை நாங்களே தொடங்கித் தருகிறோம்” என்பார்கள். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவர்கள் கையில் இருக்கும். பின்னால் சான்றிதழை எடுக்கக்கூட அவர்களிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். கணக்கை மகள்தான் தொடங்க வேண்டும், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டு. நம் ஊர் இனிஷியல் வழக்கம் இந்தத் தேர்வுகளுக்குப் புரியாது. பதிவில் ‘எம்’, அடையாள அட்டையில் அப்பாவின் முழுப் பெயர் என்றிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடும். கட்டிய பணமும் போய்விடும்.

இவற்றின் ஆயுள் பெரும்பாலும் மூன்றாண்டு. சிஸ்கோவும் அமேசானும் அப்படித்தான். மைக்ரோசாப்ட் மட்டும் தனி வழி. அதைச் சொல்லாமல் விடமாட்டேன், ஏனென்றால் இதை வைத்தே காசு பிடுங்குகிறார்கள். அங்கே தொடக்க நிலைச் சான்றிதழ்களுக்குக் காலாவதியே கிடையாது. அதற்கு மேற்பட்டவை ஓராண்டில் முடியும். ஆனால் புதுப்பிக்கக் காசு இல்லை. முடிவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே வீட்டில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்தே ஒரு சிறு தேர்வை எழுதிப் புதுப்பிக்கலாம். கண்காணிப்பாளர்கூட இல்லை. நாளைத் தவறவிட்டால்தான் பழையபடி முழுத் தேர்வு, முழுக் கட்டணம். இந்த இலவச வேலைக்கு ‘புதுப்பித்தல் கட்டணம்’ வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

சரி, மகள் என்ன செய்யலாம்? ஒரே ஒரு சான்றிதழ் போதும். நெட்வொர்க் வேலை பிடித்தால் சிசிஎன்ஏ. சிஸ்கோவின் ‘பேக்கெட் டிரேசர்’ மென்பொருள் இலவசம். நெட்வொர்க்குகளை இணைக்கும் கருவியான ரவுட்டரை வாங்காமலே வீட்டுக் கணினியில் பழகலாம். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களைக் கேட்கவும் காசில்லை. தினம் இரண்டு மணி நேரம், ஆறு மாதம். இதையெல்லாம் மூன்றாண்டு கட்டணம் வாங்கிய கல்லூரி சொல்லியிருக்க வேண்டும். ஒரு ரவுட்டரைத் தொடாமலே கணினி அறிவியல் பட்டம் கொடுக்கிற நாட்டில் இப்படிப்பட்ட மையங்கள் முளைக்காமல் என்ன செய்யும்?

வீட்டிலிருந்தும் தேர்வு எழுதலாம். ஆனால் அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. பாட்டி காபியோடு உள்ளே வந்தால்கூடத் தேர்வை நிறுத்திவிடுவார்கள். ஐப்பசி மழையில் நம் ஊர் மின்சாரத்தை நம்பி 300 டாலரைப் பணயம் வைக்காதீர்கள். குழித்துறையில் ரயிலேறித் திருவனந்தபுரம் மையத்தில் எழுதிவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம்.

துபாய் வேலை? சான்றிதழ் இருந்தால் விண்ணப்பக் கட்டு குறுகும்போது பெயர் தங்கும், அவ்வளவுதான். வேலை நிச்சயம் என்று சொல்கிறவரிடம் எந்த நிறுவனம், என்ன சம்பளம் என்று எழுதிக் கேளுங்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்றே ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். எம்சிஎஸ்இ இப்போது இல்லை என்பதை அதில் குறிப்பிடுங்கள். அசைந்து கொடுக்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, இவ்வளவு சிறிய தொகைக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை. ரசீது தராமல் செல்போனில் பணம் வாங்கியிருந்தால் அந்தப் பதிவையும், அவர்கள் அனுப்பிய விளம்பரத்தையும் அழித்துவிடாதீர்கள்.