எந்த அறைக்கு எவ்வளவு பளபளப்பு? – பெயிண்ட் கேள்வி-பதில்

கேள்வி: ஹாலுக்குப் புதிதாக 'சாட்டின்' எமல்ஷன் அடித்தோம். பகலில் அருமையாக இருக்கிறது. இரவில் டியூப்லைட் போட்டால் சுவர் முழுக்க அலை அலையாகத் தெரிகிறது. பெயிண்ட் மட்டமா, வேலை மட்டமா?

பதில்: பெயிண்ட் மேல் தவறில்லை. எமல்ஷன் என்பது தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட். அதில் பிசினும் நிறப்பொடியும் இருக்கின்றன. பொடி அதிகமாகவும் பிசின் குறைவாகவும் இருந்தால் காய்ந்த படலம் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக இருக்கும். அதில் விழும் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறிவிடும். அதுதான் மேட். பிசின் கூடக் கூடப் படலம் வழவழப்பாகி, வெளிச்சத்தை ஒரே பக்கமாகத் திருப்பும். சாட்டின், செமி கிளாஸ், கிளாஸ் என்று அந்த வரிசை ஏறிக்கொண்டே போகும். பட்டி (சுவரைச் சமப்படுத்தும் பூச்சு) போட்டவர் விட்ட மேடு பள்ளத்தை மேட் மறைத்துக் கொடுக்கும், சாட்டின் காட்டிக் கொடுக்கும். உங்கள் டியூப்லைட் அதே சுவரில் மாட்டியிருந்தால் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போகும். மேடு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நிழல் விழும்.

விளக்கை எதிர்ச் சுவருக்கு மாற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரலாம். தீராவிட்டால் 220 எண் உப்புத்தாளால் சுவரைத் தேய்த்து, பளபளப்பைப் போக்கி, பள்ளங்களில் பட்டி நிரப்பி, பட்டி பார்த்த இடங்களுக்கு பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, மேலே 2 கோட் மேட் போடுங்கள். தேய்க்காமல் அடித்தால் வழவழப்பான பழைய படலத்தில் புதிய பெயிண்ட் சரியாகப் பிடிக்காது.

இனி வேலை செய்பவர்கள் ஒரு சோதனையை விடக்கூடாது. பிரைமர் காய்ந்த அன்று இரவு விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள். குறை தெரியும் இடத்தை பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். காலையில் அதைச் சரிசெய்த பிறகே முதல் கோட். சுவரை மட்டமாக்கக் கூலி கொடுக்க மனமில்லை என்றால், பளபளப்புக்கும் ஆசைப்பட வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் வீடு முழுக்க மேட் அடித்துவிடலாமா?

பதில்: கூடாது. சுவரில் எதெல்லாம் படும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். சீலிங்குக்கு எப்போதும் மேட்தான். படுக்கையறைக்கும் மேட் போதும். குழந்தைகள் இருந்தால், துவைக்கத்தக்கது என்று குறிப்பிட்டுள்ள மேட் அல்லது மெல்லிய பளபளப்புள்ள வகை வாங்குங்கள். ஹாலில் சோபா முதுகு உரசும் இடமும், மாடிப்படியில் கை தடவிக்கொண்டு ஏறும் சுவரும், சுவிட்ச் போர்டைச் சுற்றியுள்ள இடமும்தான் முதலில் அழுக்காகும். மாடிப்படிச் சுவருக்கு சாட்டின் நல்லது.

சமையலறையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். டைல்ஸ் முடியும் இடத்துக்கு மேலே தாளிப்புப் புகை படிகிறது. சாதாரண மேட் படலத்தின் நுண்துளைகளில் எண்ணெய் இறங்கிவிடும். துணியால் அழுத்தித் துடைத்தால் கறை போகாது. துடைத்த இடம் மட்டும் தேய்ந்து தனியாக மினுங்கும். அங்கே சாட்டின் அல்லது செமி கிளாஸ் அடித்தால், பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் துடைத்தாலே போதும். பூஜையறையில் விளக்குக் கரியும் குங்குமக் கையும் படுவதால் அதற்கும் இதே வகைதான்.

குளியலறையில் டைல்ஸுக்கு மேலும் சீலிங்கிலும் பூஞ்சைத் தடுப்புள்ள பெயிண்ட் வேண்டும். கறுப்புப் புள்ளிகள் ஏற்கெனவே இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசி, நன்றாகக் காயவிட்ட பிறகு அடியுங்கள். பூஞ்சை மேலேயே அடித்தால் அது திரும்ப முளைத்து வரும்.

கேள்வி: சமையலறைச் சுவருக்கு எனாமலே அடித்துவிடலாம், கழுவ வசதி என்கிறார் பெயிண்டர்.

பதில்: வேண்டாம். ஆயில் எனாமல் நாளாக ஆக மஞ்சளிக்கும். சுவருக்குள் ஓதம் இருந்தால் வெளியேற வழியில்லாமல் கொப்புளமாகக் கிளம்பும். எனாமலைக் கதவு, ஜன்னல், கிரில்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு உபயோக பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் அதிகம் இருக்கலாம், அது குழந்தைகளுக்குக் கெடுதல். எனவே பழைய வீட்டுக் கதவை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துத் தேய்த்து, குழந்தைகள் வருவதற்குள் தரையை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: சுவரில் பழைய டிஸ்டெம்பர் (மலிவான சுவர்ப்பூச்சு) இருக்கிறது. அதன் மேலே எமல்ஷன் அடிக்கலாமா?

பதில்: உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். மாவு ஒட்டினால் அடிக்கக்கூடாது. எமல்ஷன் அந்த மாவைப் பிடித்துக்கொண்டு, இரண்டும் சேர்ந்து அப்பளமாக உரிந்துவிடும். சுரண்டிக் கழுவிக் காயவைத்து, பிரைமர் அடித்த பிறகே எமல்ஷன்.

ஓதம் இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் 2 அடிக்கு 2 அடி பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்துகள் தெரிந்தால் கசிவைச் சரிசெய்யும் வரை எந்த பெயிண்டும் வேண்டாம். புதிதாகப் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாள் பொறுக்க வேண்டும்.

கேள்வி: 10க்கு 12 அறைக்கு எத்தனை லிட்டர் வாங்குவது?

பதில்: உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 கழித்தால் 403. பட்டியும் பிரைமரும் முடிந்த சுவரில் நல்ல எமல்ஷன் லிட்டருக்கு, 2 கோட் சேர்த்து, ஏறக்குறைய 120 முதல் 140 சதுர அடி வரும். ஆக 3 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகும். 4 லிட்டர் வாளி வாங்குங்கள். சீலிங்குக்குத் தனியாக 1 லிட்டர். தண்ணீர் எவ்வளவு கலப்பது என்பது வாளியிலேயே இருக்கும். பக்கத்தில் நின்று அளந்து ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் கூடினால் நிறமும் எடுக்காது, துடைத்தால் தாங்கவும் செய்யாது.

சில வாளிகளுக்குள் பெயிண்டருக்கான பரிசு டோக்கன் இருக்கும். அவர் ஒரு வகையை மட்டும் வற்புறுத்தினால் இதுவும் காரணமா என்று கேட்டுப் பாருங்கள். மெஷினில் நிறம் கலந்துவிட்டால் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதனால் முதலில் சிறிய டப்பா வாங்கி, சுவரில் 2 அடிச் சதுரம் அடித்து, பகலிலும் இரவிலும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மிஞ்சிய பெயிண்டை நிற எண், பேட்ச் எண் எழுதி மூடி வையுங்கள். மேட் சுவரில் கீறலை அதை வைத்தே ஒட்டுப்போட்டுவிடலாம். சாட்டினில் ஒட்டுப்போட்ட இடம் திட்டாகத் தெரியும், மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவர் முழுக்க அடிக்க வேண்டியிருக்கும்.