பூத்து முடிந்த குஸ்மேனியா காய்கிறது, காப்பாற்ற முடியுமா?

கேள்வி: ஜன்னலோரம் வைத்திருக்கும் சிவப்புக் குஸ்மேனியா, வாங்கும்போதே பூவோடு இருந்தது. நான்கு மாதம் அழகாக நின்ற பூ இப்போது பழுத்துக் கருகுகிறது, அடி இலைகளும் ஒவ்வொன்றாக மஞ்சளாகின்றன. தினமும் மண்ணில் தண்ணீர் விடுகிறேன், உரமும் கூட்டிக் கொடுத்தேன், பலனில்லை. நோயாக இருக்குமோ என்று காப்பர் மருந்து தெளிக்கலாமா? அடியில் இரண்டு சின்னக் குருத்துகள் வருகின்றன. சத்தை அவை இழுத்துவிடும் என்கிறார்கள், பிடுங்கிவிடலாமா?

பதில்: அந்தக் குருத்துகளில் மட்டும் கை வைக்காதீர்கள். இனி உங்கள் செடி என்பது அவைதான்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது நோய் மாதிரி தெரியவில்லை. வாழை எப்படி ஒரே ஒரு தார் போட்டுவிட்டுக் காய்ந்து போகிறதோ, பக்கக் கன்று அதன் இடத்துக்கு வருகிறதோ, அப்படித்தான் குஸ்மேனியா, வ்ரீசியா, ஏக்மியா, நியோரெஜீலியா என்று நாம் வீட்டுக்குள் வளர்க்கும் புரோமிலியாடுகள் எல்லாமே. ஒரு செடி ஒரு தடவைதான் பூக்கும். அன்னாசியும் இந்தக் குடும்பம்தான், அதிலும் ஒரு செடிக்கு ஒரு பழம், அப்புறம் கன்று. பூத்த பிறகு தாய்ச்செடி உடனே சாவதில்லை, பல மாதங்கள், சிலசமயம் ஒரு வருடத்துக்கும் மேலாக மெதுவாகக் காய்ந்துகொண்டே தன்னிடம் இருப்பதை அந்தக் குருத்துகளாகிய கன்றுகளுக்குக் கொடுக்கிறது. அதாவது கன்று தாயைக் கெடுக்கவில்லை, தாய் கன்றை வளர்த்துக்கொண்டிருக்கிறது. கருகிய பூத்தண்டை மட்டும் அடியோடு ஒட்ட நறுக்கிவிடுங்கள், பச்சையாக இருக்கும் இலை எதையும் வெட்ட வேண்டாம். (நீங்கள் பூ என்று பார்த்த அந்தச் சிவப்பு உண்மையில் பூவடி இலைகள். நிஜப் பூக்கள் அவற்றின் நடுவே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சின்னதாக எட்டிப் பார்த்துவிட்டுச் சீக்கிரமே வாடியிருக்கும்.)

ஆனாலும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் இலையை இரண்டு விரலால் பிடித்து லேசாக மேலே இழுத்துப் பாருங்கள். உறுதியாக நின்றால் பயமில்லை. கையோடு வந்துவிட்டால் அதன் அடிப்பாகத்தைப் பாருங்கள், பழுப்பாகக் குழைந்து நாற்றம் அடித்தால் அது குருத்தழுகல், அதாவது தாய்ச்செடியின் நடுக்குருத்து அழுகுவது. தினமும் மண்ணில் தண்ணீர் விட்டதால் இதற்கு வாய்ப்பு உண்டு, அதனால்தான் சொல்கிறேன். அழுகல் இருந்தால் காத்திருக்க வேண்டாம், கன்று எந்த அளவில் இருந்தாலும் உடனே பிரித்துத் தனியாக வையுங்கள், பிழைக்க அதுதான் வழி.

காப்பர் மருந்து வேண்டவே வேண்டாம். புரோமிலியாடுகளுக்குத் தாமிரம் விஷம், கொஞ்சம் பட்டாலே இலை கருகும், நடுக்குருத்து செத்துப்போகும். செப்புப் பாத்திரத்தில் ஊறிய தண்ணீரைக்கூட ஊற்றாதீர்கள். செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ இலை மடிப்பில் தெரிந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுத்தாலே போதும். இலைக்குப் பளபளப்பு ஏற்றும் எண்ணெய்ப் பொருள்களும் கூடாது.

தண்ணீர் விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். காட்டில் இந்தச் செடிகளில் பலவும் மரக்கிளையில் உட்கார்ந்து வாழ்பவை, மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, வேர் பெரும்பாலும் பிடிமானத்துக்குத்தான். மழைநீர் இலைகளின் நடுக்குழியில் தேங்கும், அங்கே விழும் சருகும் தூசியும் மட்கும், அந்தச் சத்தையும் நீரையும் இலைகளின் அடிப்பாகத்தில் இருக்கும் செதில் போன்ற நுண்மயிர்கள் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் நடுக்குழியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும், ஆனால் வாரம் ஒரு முறை செடியைச் சாய்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். இல்லையென்றால் உப்புப் படியும், நாற்றம் வரும், கொசுப்புழுவும் வந்துவிடும். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை, உப்புத் தண்ணீர் இலையில் வெள்ளைப் படிவை விட்டு அந்த நுண்மயிர்களை அடைத்துவிடும். மண்ணுக்கு, மேலே இரண்டு செ.மீ. காய்ந்த பிறகு மட்டும். வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் குழியைக் காலியாகவே வைத்துவிடலாம்.

உரத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். பூ முடிந்த தாய்க்குக் கொட்டுகிற உரம் வேரை எரிக்கும், அவ்வளவுதான்.

சரி, கன்றுகள். அவசரம்தான் இதில் எதிரி. தொடக்கத்தில் நானும் கட்டைவிரல் அளவுக் கன்றை ஆசையாகப் பிரித்து நட்டேன், பத்து நாளில் சுருங்கிப் போய்விட்டது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது, முடிந்தால் பாதியாவது வரட்டும், இலைகள் விரிந்து அதற்கென்று ஒரு குழி உருவாகியிருக்க வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஆகும். அப்போது செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, மண்ணை உதிர்த்து, கன்று தாயோடு சேரும் இடத்தைக் கண்ணால் பார்த்து, சுத்தமான கூரிய கத்தியால் தாயை ஒட்டினாற்போல் வெட்டுங்கள், வேர் இருந்தால் அது கன்றோடு வரட்டும். வெட்டுவாய் ஒரு நாள் நிழலில் காயட்டும். பிறகு பத்து, பன்னிரண்டு செ.மீ. தொட்டி போதும், பெரிய தொட்டியில் ஈரம் தங்கி அழுகும். தோட்டத்து மண் கூடாது, தேங்காய் மட்டைத் துண்டும் மரப்பட்டைத் துண்டும் கொஞ்சம் பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்தால் தண்ணீர் ஊற்றியதும் சரசரவென்று இறங்கிவிடும். கன்றின் அடிப்பாகம் மட்டும் உள்ளே இருக்கும்படி மேலாக நடுங்கள், ஆழமாகப் புதைத்தால் அழுகும். ஆடினால் ஒரு குச்சியோடு கட்டிவையுங்கள், வேர் பிடிக்கும்வரை அசையக் கூடாது.

பிரிக்கப் பயமாக இருந்தால் அப்படியே விட்டுவிட்டு, தாய் முழுக்கக் காய்ந்ததும் அதை மட்டும் வெட்டி எடுக்கலாம், கன்றுகள் அதே தொட்டியில் கூட்டமாக வளரும்.

வெளிச்சம் நன்றாக வேண்டும், ஆனால் நண்பகல் வெயில் நேராக விழுந்தால் குஸ்மேனியா இலையில் வெளுத்த தழும்பு வந்துவிடும். வேர் பிடித்து வளரத் தொடங்கிய பின், பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு உரத்தை மாதம் ஒரு முறை மண்ணில் விடலாம், நடுக்குழியில் வேண்டாம்.

இப்படி வளர்த்தால் இரண்டு, மூன்று வருடத்தில் பூக்கும். முழு அளவுக்கு வளர்ந்தும் பூக்க மறுத்தால், நடுக்குழித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்கு பழுத்த ஓர் ஆப்பிளைத் தொட்டிமேல் வைத்து, செடியோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையால் மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு வாரம், பத்து நாள் வையுங்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும். அன்னாசித் தோட்டங்களில் எத்திலீனை வெளியிடும் எத்தெபான் என்ற மருந்தைத் தெளித்து எல்லாச் செடிகளையும் ஒரே சமயத்தில் பூக்கவைப்பதும் இதே கணக்குதான். பையை எடுத்ததும் பழையபடி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், இரண்டு மூன்று மாதத்தில் நடுவே நிறம் ஏறத் தொடங்கும். கன்று சின்னதாக இருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள், பூத்தாலும் பூ சிறுத்துத்தான் வரும், அதோடு அந்தச் செடியின் வாழ்வும் முடிந்துவிடும்.