தோட்டத்து நாய்க்கு ஷாக் காலர் போடலாமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) இருக்கிறோம். எங்கள் இரண்டு வயது நாய் அயல் வீட்டு ஆடுகளைத் துரத்துகிறது, இரவில் விடாமல் குரைக்கிறது. ஒன்லைனில் விற்கும் ஷாக் காலரை வாங்கலாமா?

வாங்காதீர்கள். குரைப்பை நிறுத்த என்றால் கட்டாயம் வேண்டாம். ஆடு துரத்துவதற்கு என்றால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காலர் வேண்டும் என்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது.

முதலில் குரைப்பு. அதற்கென்று விற்கும் காலர், நாயின் தொண்டை அதிர்ந்ததும் தானாகவே கரண்ட் விடும். எதைப் பார்த்துக் குரைக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நம் பக்கம் இரவில் நாய் சும்மா குரைப்பதில்லை. தேயிலை மலைக்கு மேலே உள்ள காட்டிலிருந்து சிறுத்தை இறங்கும், லயத்து நாயைப் பிடித்துக்கொண்டும் போகும். காட்டுப்பன்றி மரக்கறித் தோட்டத்தைக் கிளறும். சிறுத்தை வாடை மூக்கில் ஏறும் நேரத்தில், கட்டிப்போட்ட நாய்க்கு ஓடவும் முடியாது. குரைத்தால் கழுத்தில் அடி விழும் என்றால் அது என்னதான் செய்யும்? நாயை இரவில் இஸ்தோப்புக்குள் (முன் விறாந்தையில்) படுக்க வையுங்கள். பாதிக் குரைப்பு அதிலேயே குறையும்.

இனி ஆடு. இதற்கு விற்கும் காலர் தானாக வேலை செய்யாது, கையில் இருக்கும் ரிமோட்டில் நாம் பொத்தானை அமுக்கினால்தான் கரண்ட் விடும். காலரை ஆதரிப்பவர்கள் சொல்வது இதுதான்: ஆட்டைக் கடித்த நாயை யாராவது விஷம் வைத்துக் கொல்வார்கள், அதைவிட இரண்டு தடவை ஷாக் வாங்கிப் பிழைத்துக்கொள்வது மேல். இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். காலர் வேலையே செய்யாது என்றும் சொல்ல மாட்டேன். 2024இல் அமெரிக்காவில் வந்த ஒரு சிறிய ஆய்வில், ஓடும் பொருளைத் துரத்தும் பழக்கத்தை ஷாக் வாங்கிய நாய்கள் சில நாளில் விட்டன, உணவு கொடுத்துப் பழக்கிய நாய்கள் அந்த நாட்களுக்குள் விடவில்லை. ஆனால் 2020இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி. கூப்பிட்டால் வராத, ஆடு துரத்தும் நாய்கள் உட்பட 63 நாய்களை எடுத்துப் பார்த்தார்கள். காலரைக் கையாண்டவர்கள் அதிலே கைதேர்ந்த பயிற்சியாளர்கள். அப்படியிருந்தும் உணவும் பாராட்டும் கொடுத்துப் பழக்கிய நாய்களே சொன்னதைச் சீக்கிரமாகக் கேட்டன. வேல்ஸ் நாடு 2010இலேயே இந்தக் காலரைத் தடை செய்துவிட்டது. ஜெர்மனியிலும் தடைதான்.

என்னை உறுத்துவது வேறொன்று. பொத்தானை நாம் அமுக்குவது ஆட்டுக்காக. அந்த நொடியில் நாயின் கண் எதில் இருந்ததோ, வலி அதன்மேல்தான் போய் ஒட்டிக்கொள்ளும். எங்கள் லயத்துத் தொங்கல் வீட்டில், கொழும்பில் வேலை செய்யும் மகன் ஒரு காலர் வாங்கி வந்து தந்திருந்தார். ஒரு மழை நாளில் ஆட்டைப் பார்த்து அதை அமுக்கியபோது, பள்ளிக்கூடம் விட்டு ஒரு பிள்ளை குடையோடு குறுக்கே ஓடியது. அதன் பிறகு குடை விரியும் சத்தம் கேட்டாலே அந்த நாய்க்கு முதுகு மயிர் சிலிர்க்கும், பல்லைக் காட்டும். ஆட்டை மட்டும் பழையபடி துரத்தியது. நம் ஊரில் குடை இல்லாமல் யார் நடக்கிறார்கள்? வீட்டுக்கு வீடு ஒட்டியிருக்கும் லயத்தில், வாசலில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில், பயந்த நாயைப் போல ஆபத்து எதுவும் இல்லை.

அந்தக் காலரைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். தோலில் படுவதற்காக அதில் இரண்டு உலோக முனைகள் இருக்கும், இறுக்கிக் கட்டினால்தான் வேலை செய்யும். ஈர மயிரை விலக்கிப் பார்த்தால் கழுத்தில் வட்டமாக இரண்டு புண், ஒன்றில் சீழ் வைத்திருந்தது. அது கரண்ட் சுட்ட காயம் இல்லை. நாள் கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தினால் தோல் செத்துப்போகும். மாதக்கணக்கில் மழையும் பனியுமாக இருக்கும் ஊரில், ஈரம் காயாத மயிருக்கடியில் அது வெளியே தெரியவும் தெரியாது.

சரி, ஆட்டுக்கு என்ன வழி? முதலில் ஒன்று கேட்கிறேன். காலையில் வேலைக்குப் பெரட்டுக்குப் போகும்போது கட்டி, சாயங்காலம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்துதான் அவிழ்க்கிறீர்களா? பல வீடுகளில் அப்படித்தான். பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்த நாய், அவிழ்த்ததும் கண்ணில் படுவதைத் துரத்தத்தான் செய்யும். விடிய எழும்பி அரை மணி நேரமாவது நடத்திக் கூட்டிப்போங்கள், மோப்பம் பிடிக்க விடுங்கள்.

அப்புறம் பத்து மீற்றர் நைலோன் கயிறு ஒன்று வாங்குங்கள். அதைக் கழுத்தில் கட்டாமல் மார்புப் பட்டியில் கட்டுங்கள். ஆடு தெரிய வேண்டும், ஆனால் நாய் இன்னும் உங்கள் குரலைக் கேட்கும் நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவு தூரத்தில் நில்லுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்த உடனேயே வாயில் ஒரு துண்டு அவித்த கோழி ஈரல், இல்லையென்றால் உப்புப் போகக் கழுவிய நெத்தலி. ஒழுங்காகத் திரும்புகிறது என்று தெரிந்த பிறகுதான் நாலடி கிட்டப் போக வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஆடு மேயும் நேரத்தில் கயிறில்லாமல் ஒரு தடவைகூட விடாதீர்கள். ஒரு தடவை துரத்தி ருசி கண்டால் பழக்கியதெல்லாம் வீணாகிவிடும். ஆட்டுக்காரரிடமும் போய்ப் பேசி, எந்த நேரம் எந்தப் பக்கம் ஓட்டுகிறார் என்று கேட்டு வையுங்கள்.

ஒருவேளை காலரை ஏற்கெனவே வாங்கிக் கட்டியிருந்தால், இன்றைக்கே கழற்றிக் கழுத்து மயிரை விரலால் விலக்கிச் சுற்றிவரப் பாருங்கள். சிவந்திருந்தாலோ நாற்றம் அடித்தாலோ நீங்களாக மருந்து பூசாமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.