‘லைட்’ என்றால் விளக்கு மட்டும்தானா?

நாலு வயது மகள் ‘லைட்’ என்றால் விளக்குதான் என்று அடம்பிடிக்கிறாள், ‘பை லைட்டாக இருக்கிறது’ என்றால் விழிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இந்த வயதில் அது இயல்புதான், கவலை வேண்டாம்.

விளக்கு, கனமில்லாதது என்ற இரண்டு பொருளையும் ஒரே நாளில் சொல்லாதீர்கள். எதிர்ச்சொல்லோடு சேர்த்துக் காட்டுங்கள்: ஒரு கையில் பஞ்சுப் பொம்மை, அது லைட்; மறு கையில் தண்ணீர் நிறைந்த பாட்டில், அது ஹெவி. தூக்கிப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். விளக்கை அணைத்து ‘டார்க்’, போட்டு ‘லைட்’ என்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தமிழில் அவள் இதை ஏற்கெனவே செய்கிறாள். ‘படி ஏறு’, ‘புத்தகம் படி’ இரண்டும் அவளைக் குழப்புவதில்லையே! அதைச் சொல்லிக்காட்டுங்கள், உற்சாகமாகிவிடுவாள். இதேபோல் ஆங்கிலத்தில் ‘ரன்’ என்ற சொல்லுக்கும் பொருள்கள் ஏராளம். இப்போதைக்கு ஓடுவது மட்டும் போதும்.